திருகுகிற மாதிரி ஒன்று

எங்கள் வீட்டு மிக்ஸி ஒரு பாவமும் அறியாதது. எத்தனையோ வருஷமாகத் தெருவையே எழுப்புகிற சத்தத்தில் அரைத்துக் கொடுத்ததே தவிர, ஒரு நாளும் என் காலை வாரிவிட்டதில்லை. அப்படிப்பட்டதன் தலையில்தான் பழியைப் போட்டேன். போட்ட பிறகு தூக்கம் போய்விட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். மிக்ஸிக்கு மானம் மரியாதை கிடையாது, எனக்கு இருந்தது, அவ்வளவுதான்.

நடந்தது இது. சாயங்காலம் அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. கையைத் துடைத்துவிட்டுத் துண்டை மேடையில் போட்டேன். அதன் ஒரு முனை எரிகிற பர்னர் மேல் விழுந்திருக்கிறது. கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். என்னைப் போல அடுப்படியில் கவனமாக இருக்கிறவள் இந்தத் தெருவில் கிடையாது. அந்த முனை என் கண்ணுக்குத் தெரியவில்லை. கருகல் வாடை வந்து நான் திரும்புவதற்குள் துண்டு எரிந்து, பக்கத்திலிருந்த மிக்ஸியின் வயர் எரிந்து, சுவரில் சுவிட்சு போர்டு உருகிச் சொட்டத் தொடங்கிவிட்டது. என் கை தானாகப் போய் அடுப்பைத் திருகி அணைத்தது. அந்தத் திருகு இருக்கும் இடம் என் கைக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். பிறகு ஒரு வாளித் தண்ணீரை அப்படியே விசிறினேன். வீடு முழுக்க இருண்டது. மேல் அலமாரியில் இருந்த மைக்ரோவேவின் கண்ணாடிக் கதவு படாரென்று விரிசல் விட்டது.

மகள் ஓடி வந்து என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். அவள் அப்பா வேலையிலிருந்து வந்ததும் டார்ச் விளக்கோடு உள்ளே போய் நெடுநேரம் நின்றார். எங்கே தொடங்கியது என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை.

"மிக்ஸிலேர்ந்துதான் பொகை வந்துச்சு" என்றேன்.

அவர் உடனே நம்பினார். மனிதர்களைவிட மிஷின்கள்தான் தப்புச் செய்யும் என்பது அவருடைய கட்சி. அதற்கு அவர் கையே சாட்சி. அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற மிஷினில் நிற்கிறவர். கல்யாணமான புதிதில், பழைய மிஷினில், வலது கை ஆள்காட்டி விரலில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் அவருக்கு "நாலரை" என்றே பெயர். நான் வைத்ததுதான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரைச் சிரிக்க வைப்பதற்காக. இப்போது இருக்கிற மிஷினில் கை குறுக்கே வந்தால் கத்தி அந்தரத்தில் நின்றுவிடுமாம். அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் மாறிவிடும். மிஷின் மனுஷனை நம்பவே கூடாது, கை வந்தா அதுவா நிக்கணும் என்பார். இதைச் சாப்பிடும்போதும் கேட்டிருக்கிறேன், சாவு வீட்டிலும் கேட்டிருக்கிறேன்.

இனி என் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் இருட்டில் தடுமாறினேன். பிறகு பக்கவாட்டில் இருப்பது தெரியாமல் போனது. இப்போது ஒரு காகிதத்தைச் சுருட்டி அதன் ஓட்டை வழியாகப் பார்க்கிற அளவுதான் மிச்சம். அந்த ஓட்டைக்குள் வருகிறவரின் மூக்கும் வாயும் தெரியும், காது தெரியாது. வெளிச்சம் குறைந்தால் அதுவும் போய்விடும். யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். இதற்கு மருந்து கிடையாது, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பதிலைத்தான் கேட்டார்.

என் அக்காவுக்கு இருந்தது. அக்கா வீட்டுக்காரர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஒருவர்கூட ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. முதல் நாள் அவள் கையிலிருந்த கத்தியை வாங்கினார்கள். அப்புறம் துடைப்பம், அப்புறம் துணி துவைக்கிற வேலை. ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி போட்டு, நீ பேசாம உக்காரு, நாங்க பாத்துக்கறோம் என்றார்கள். டீ கொடுத்தால் அரை டம்ளர்தான் கொடுப்பார்கள், நிறையக் கொடுத்தால் மேலே சிந்திக்கொள்வாளாம். கேட்டால் இன்னொரு அரை டம்ளர் கொடுப்பார்கள். அவள் கேட்கமாட்டாள். என்னோடு சேர்ந்து ஊர் வம்பெல்லாம் பேசிச் சிரித்தவள் அந்த நாற்காலியில் மரக்கட்டையாகிப் போனாள். அவள் உயிர் காலையிலேயே போயிருக்கிறது. உட்கார்ந்துதானே இருக்கிறாள் என்று மத்தியானம்வரை யாரும் கவனிக்கவில்லை. டீ கொடுக்கப் போனபோதுதான் தெரிந்தது.

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். கண் போகட்டும். நாற்காலி மட்டும் கூடாது.

பிஸ்கட் கம்பெனியில் ஓடுகிற பட்டையிலிருந்து உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கியெடுக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உடைந்ததும் முழுசும் எனக்கு ஒன்றாகத் தெரியத் தொடங்கியதும், நின்று நின்று முட்டி வலிக்கிறது என்று சொல்லி வேலையை விட்டேன். வீட்டில் எதிலாவது மோதிக்கொண்டால் அதுவும் முட்டி வலியின் கணக்கில் சேர்ந்தது. அடுப்படியை மட்டும் ஒரு அங்குலம் விடாமல் கைக்குள் கொண்டுவந்தேன். உப்பு டப்பாவுக்கு இரண்டு ரப்பர் பேண்டு, சர்க்கரைக்கு ஒன்று. அடுப்பின் திருகு முழுசாகத் திரும்பினால் ஒரு முட்டு முட்டும், அது சின்னத் தீ. மைக்ரோவேவின் திருகில் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு சின்னத் தடங்கல் இருந்தது. பால் பொங்குவதற்கு முன் ஒரு சத்தம் போடும், எண்ணெய் காய்ந்தால் அதற்கு ஒரு வாசனை. கண்ணை வைத்துச் சமைக்கிறவர்கள் பாதிச் சமையல்தான் சமைக்கிறார்கள் என்றுகூட எனக்குத் திமிர் இருந்தது. அந்தத் திமிரில்தான் துண்டை மறந்தேன்.

மிக்ஸியும் மைக்ரோவேவும் போய்விட்டன. அடுப்பு வெறும் கரிதான், தேய்த்தால் போகும் என்று தலைகீழாக நின்று பார்த்தேன். அவர் கேட்கவில்லை. நெருப்புப் பட்ட எதையும் வீட்டில் வைக்க முடியாது என்று என் கண் முன்னாலேயே, அதாவது என் காது முன்னாலேயே, பழைய சாமான்காரனிடம் எடை போட்டுக் கொடுத்துவிட்டார். பிரிட்ஜின் கதவு ரப்பரும் உருகியிருந்தது. அதையும் மாற்றும் அளவுக்குக் கையில் வசதியில்லை. ரப்பரை மட்டும் மாற்றினோம். மற்ற மூன்றுக்கும் அவர் சேர்த்து வைத்திருந்த ஓவர்டைம் பணம் போதும், ஆனால் ஒன்றைப் பெரிதாக வாங்கினால் இன்னொன்றைச் சிறிதாக வாங்க வேண்டியிருக்கும் என்றார்.

இப்போது வருவதெல்லாம் வழவழவென்று கண்ணாடி மாதிரி வருகிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லக் கேட்டிருந்தேன். தொட்டால் ஒரு மேடு பள்ளம் கிடையாதாம், எழுத்தைப் பார்த்துத்தான் தொட வேண்டுமாம். என் கை படிப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது. கடைக்கு நானும் வருகிறேன், நான்தான் பார்த்து எடுப்பேன் என்றேன். சமைக்கிறவ நீதானே என்று அவரும் சந்தோஷமாகத் தலையாட்டியிருக்க வேண்டும்.

கடை மூன்று மாடி. உள்ளே அவ்வளவு வெளிச்சம். வெளிச்சம் எனக்கு நல்லதுதான், ஆனால் அங்கே எல்லாமே பளபளத்ததால் என் ஓட்டைக்குள் வெறும் மின்னல்தான் வந்தது. மகளின் தோளில் கை போட்டுக்கொண்டேன். பாசம் பொத்துக்கொண்டு வருதே என்று அவள் கிண்டல் செய்தாள். அப்படியும் தரையில் கிடந்த ஒரு பெட்டியில் இடித்துக்கொண்டேன். அவர் பாத்து வா, பாத்து வா என்றார். முட்டியைத் தடவிக் காட்டினேன்.

எங்களோடு வந்த விற்பனையாளருக்கு நான் மனசுக்குள் தேன்வாய் என்று பெயர் வைத்தேன். அப்படி ஒரு குழைவு. எதை எடுத்தாலும் இதைக் கண்ண மூடிட்டு வாங்கலாம் மேடம் என்றார். நான் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன்.

முதலில் மிக்ஸி. பொத்தான் வைத்தவை நாலைந்து, ஓரத்தில் திருகு வைத்தது ஒன்று. கண்ணை மூடித் திருகினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று தெளிவாகப் படிப்படியாக ஏறியது. இது போதும் என்றேன். ஜாடி சின்னதா இருக்கே என்று அவர் இழுத்தார். நாம என்ன ஓட்டலா நடத்தறோம் என்று வாயை அடைத்தேன். மைக்ரோவேவில்தான் பெரிய சண்டை. தேன்வாய் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, பன்னிரண்டு விதமாகச் சமைக்கும், தானே எடை பார்த்து நேரம் வைத்துக்கொள்ளும் என்று அடுக்கினார். முகப்பைத் தடவினேன். நெற்றியைத் தடவுவது போல இருந்தது, ஒன்றுமே இல்லை. அடித்தட்டில், அட்டைப் பெட்டிக்குப் பின்னால், இரண்டு திருகு வைத்த ஒரு சின்ன மாடல் தூசியோடு இருப்பதை நானே குனிந்து கையால் துழாவிக் கண்டுபிடித்தேன். ஒன்று சூட்டுக்கு, ஒன்று நேரத்துக்கு. முடிந்ததும் மணி அடிக்கும். அந்த மணிச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தும்மல் மாதிரி சமாளித்தேன்.

"இது வயசானவங்க கேட்டு வாங்குற மாடல் மேடம்" என்றார் தேன்வாய்.

எனக்கு மட்டும் வயசு குறையுதா என்ன, பில்லைப் போடுங்க என்றேன்.

அடுப்பில் நான் தப்பித்தேன் என்றே நினைத்தேன். மின்சாரத்தில் ஓடுகிற கண்ணாடி அடுப்பின் முன்னால் அவர் நகராமல் நின்றுவிட்டார். தீயே கிடையாது, பாத்திரத்தை எடுத்தால் தானாக நின்றுவிடும், துணி விழுந்தாலும் பற்றாது என்று தேன்வாய் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இவர் அந்த அரை விரலைத் தடவிக்கொண்டிருந்தார். பார்க்க முடியாவிட்டாலும் எனக்குத் தெரியும், அவர் யோசிக்கும்போது அதைத்தான் தடவுவார். நான் அவரைப் பின்னால் இழுத்தேன். தீ தெரியாமல் எனக்குச் சமைக்க வராது, பாத்திரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும், கரண்டு போனால் பட்டினிதான் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் திருகு வைத்த கேஸ் அடுப்புக்கே ஒத்துக்கொண்டார். முட்டு எங்கே வருகிறது என்று பார்த்துப் பார்த்து நாலு அடுப்பைத் திருகிவிட்டு ஐந்தாவதைக் காட்டினேன்.

நான் எடுத்த மூன்றும் கடையிலேயே விலை குறைந்தவை. அது எனக்கு உறைக்கவே இல்லை. அவருக்கு உறைத்திருக்கிறது. வண்டியில் வரும்போது, எனக்காக நீ எதையும் குறைச்சுக்க வேணாம் என்றார். குறைச்சுக்கல, பிடிச்சுத்தான் எடுத்தேன் என்றேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. அக்காவின் நாற்காலி நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

சாமான் வருவதற்குள் அவரும் மகளும் அடுப்படியைக் கழுவி, சுவருக்கு வெள்ளை அடித்து, புது சுவிட்சு போர்டு மாட்டினார்கள். என்னை உள்ளே விடவில்லை, பெயிண்டு வாடை தலைவலி கொடுக்கும் என்றார்கள். நான் வாசல்படியில் நின்று, டப்பாக்களை எடுத்த இடத்திலேயே வையுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன். சரிம்மா, சரிம்மா என்று பதில் வந்தது. அந்தச் சரிம்மாவுக்கு என்ன மரியாதை என்று பெண் பெற்றவர்களுக்குத் தெரியும்.

சாமான் வந்த அன்றைக்கு அவர் லீவு போட்டிருந்தார். கூப்பிடுகிறவரை வரக் கூடாது என்று சொல்லி என்னைப் படுக்கையறையில் உட்கார வைத்தார்கள். அட்டை கிழிகிற சத்தம், தெர்மாகோல் கிறீச்சிடுகிற சத்தம், அப்பாவும் மகளும் குசுகுசுவென்று பேசிச் சிரிக்கிற சத்தம் எல்லாம் கேட்டது. நல்ல மனநிலையில் இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தீயில் எரிந்தது போக, என் அடுப்படி திரும்ப வருகிறது. விரல்களை நெட்டி முறித்து வைத்துக்கொண்டேன்.

மகள் வந்து என் கண்ணைப் பொத்தி அழைத்துக்கொண்டு போனாள். அடுப்படிக்குள் போய்க் கையை எடுத்தாள். எனக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. டியூப் லைட்டின் வெளிச்சம் கீழே எதிலோ நீளமாகப் பளிச்சிட்டது.

"நீ காசுக்குப் பாத்துதான் அதை எடுத்தேன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். "மறுநாளே போய் மாத்திட்டேன். மூணையும். கூடக் கொஞ்ச நாள் நைட் ஷிஃப்ட் பாத்தா சரியாப் போயிடும். நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது."

நான் கையை நீட்டினேன். மேடையோடு மேடையாக ஒரு கண்ணாடி கிடந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினேன். முன்பக்கம் தடவினேன், பக்கவாட்டில் தடவினேன். ஒரு திருகு இல்லை, ஒரு முட்டு இல்லை. அலமாரியில் மைக்ரோவேவின் முகத்தைத் தொட்டேன், அதுவும் அப்படியே. கடையில் நான் தடவிப் பார்த்து வேண்டாம் என்ற அதே நெற்றி. நான் ஆசையாகத் தடவுகிறேன் என்று நினைத்து மகள் சிரித்தாள்.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நான் தீக்குள் நின்ற அந்தச் சாயங்காலத்திலிருந்து தனக்குத் தூக்கமே இல்லை என்றும், இனிமேல் நிம்மதியாக வேலைக்குப் போவேன் என்றும் சொன்னார். முதல் டீயை நான்தான் போட வேண்டுமாம்.

மகள் பாத்திரத்தை வைத்துக் கொடுத்தாள். எங்கே தொட வேண்டும் என்று கேட்டேன். அதோ செவப்பா எரியுதேம்மா, கண்ணுக்கு முன்னாடி என்றாள். எங்கேயோ தொட்டேன், அது பீப் என்று கத்தியது. இன்னொரு இடத்தில் தொட்டேன், இரண்டு முறை கத்தியது. அடுப்போடு வந்த புஸ்தகத்தைப் படித்துவிட்டுச் சாயங்காலம் போடுகிறேனே என்று பின்வாங்கினேன். மகள் என்னைத் தாண்டிக் கையை நீட்டி அதை ஓடவிட்டாள். பாத்திரம் கண்ணாடியில் போட்டிருக்கிற வட்டத்தில் சரியாக இல்லை என்று கொஞ்சம் நகர்த்தியும் வைத்திருக்கிறாள். அதை என்னிடம் சொல்ல அவளுக்கு எந்த அவசியமும் இல்லை. நான் பாத்திரம் முதலில் இருந்த இடத்தில் பாலை ஊற்றினேன்.

கண்ணாடியில் பால் விழுந்தால் சத்தமே வருவதில்லை. என் காலில் குளிர்ச்சியாக வழிந்தபோதுதான் தெரிந்தது. பாக்கெட் காலியாகும்வரை ஊற்றிவிட்டிருந்தேன். அடுப்பு விடாமல் கத்திக்கொண்டே இருந்து, பிறகு தானாக நின்றது.

எனக்கு உடனே வாயில் வந்தது மிஷின்தான்.

"இந்த மிஷின் வழுக்குதுங்க" என்றேன். "பாத்திரம் நகந்துடுச்சு."

அவர் பக்கத்தில் வந்து நின்றார். மூச்சு என் முகத்தில் பட்டது. ரொம்பத் தணிந்த குரலில் கேட்டார்.

"என் கையில எத்தனை விரல் தெரியுது, சொல்லு."

என் ஓட்டைக்குள் அவர் சட்டைப் பொத்தான் ஒன்றுதான் இருந்தது. கை எங்கே என்று தேடினால் தேடுவது தெரிந்துவிடும். இத்தனை வருஷமாகச் சமாளித்தவள்தானே, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"நாலரை. எப்பவும் அவ்வளவுதானே."

அவர் சிரிக்கவில்லை. மகள்தான் அம்மா என்றாள். அவர் என் கையைப் பிடித்துத் தன் கைமேல் வைத்தார். அவர் கை இறுக்கி மூடியிருந்தது.

அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது. உங்க அக்கா மாதிரியா என்று கேட்டார், ஆமாம் என்றேன். எவ்வளவு நாளாக என்று கேட்டார், பிஸ்கட் கம்பெனியிலிருந்தே என்றேன். அப்போ மிக்ஸி இல்லையா என்றார். இல்லை, துண்டுதான், பர்னர் மேல் விழுந்தது தெரியவில்லை என்றேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் பதிலுக்குத் திட்டலாம், சண்டை போடலாம், அழுது ஒரு வழிக்குக் கொண்டுவரலாம். அவர் திட்டவில்லை. என் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அப்போதே கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். நான் இப்படிக் கெஞ்சி அவர் கேட்டதே இல்லை.

"இதைக் கொடுத்துட்டு நான் எடுத்ததையே வாங்கிட்டு வாங்க. திருகு இருந்தா எனக்குக் கண்ணே வேணாம். இத்தனை நாள் உங்களுக்குச் சமைச்சுப் போட்டது யாரு? உப்புக் குறைஞ்சுதுன்னு ஒரு நாள் சொல்லியிருக்கீங்களா?"

"சொன்னதில்ல" என்றார்.

"அப்புறம் என்ன?"

"துணி பத்துனது உனக்குத் தெரியலயே" என்றார். "உன் புடவை பத்தியிருந்தா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அவர் விரலை மிஷின் தின்ற நாளில் நான் அவரிடம், இனிமே அந்த வேலைக்குப் போகாதீங்க என்று அழுதேன். மறுமாசமே அரை விரலோடு அதே மிஷினுக்குப் போய் நின்றார், வேலைதான் என் ஆயுசு என்றார். அதை நினைவுபடுத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கூடத்திலிருந்து மரம் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

மகள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். அடுப்படி வாசலில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத பக்கமாகப் போட்டாள். அதில் அவளுடைய தலையணையை வேறு வைத்திருந்தாள். அவர் என் இரண்டு தோளையும் பிடித்து, கண்ணாடிச் சாமானை இறக்கி வைப்பது போல மெல்ல உட்கார வைத்தார்.

"நீ பேசாம உக்காரு" என்றார். "நாங்க பாத்துக்கறோம்."

என் மகளுக்கு அக்காவைச் சரியாக நினைவிருக்காது. அவருக்கு இருக்கும். அந்த வீட்டு ஜன்னல் ஓரத்தை அவரும் பார்த்திருக்கிறார். அப்படியும் அதே வார்த்தைகள்தான் வந்தன. அன்பாக இருக்கிறவர்களுக்கு வேறு வார்த்தை கிடைக்காது போலிருக்கிறது. அவர்களை வெறுக்கக்கூட எனக்கு வழியில்லாமல் போனது.

அவர்கள் இரண்டு பேரும் உள்ளே பாலைத் துடைத்தார்கள். புது பாக்கெட்டை வெட்டினார்கள். அவள் புஸ்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, அவள் சொன்ன இடத்தில் அவர் தொட்டார். முதல் தடவையிலேயே அடுப்பு ஒழுங்காக ஓடியது. பால் பொங்கப் போகிற சத்தம் எனக்குக் கேட்டது, எடுங்க என்றேன். அதுவே நின்னுடும்மா என்றாள் மகள். அதுவே நின்றது.

சர்க்கரை எங்கே என்று அவர் தேடுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு டப்பாவாக மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது.

"ரெண்டாவது தட்டு, இடது கைப்பக்கம், ஒரு ரப்பர் பேண்டு போட்டது" என்றேன்.

மூடி திறக்கிற சத்தம் நின்றது.

"இப்போ அங்க இல்லம்மா" என்றாள் மகள். "புது பிளக் பாயிண்டுக்காக எல்லாத்தையும் அந்தப் பக்கம் மாத்திட்டோம். டப்பாவும் புதுசு. ஒரே மாதிரி இருக்கட்டும்னு."

ரப்பர் பேண்டுகளை என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. குப்பையில் போட்டிருப்பாள், அதில் அவள் தப்பு என்ன இருக்கிறது. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலையணை மெத்தென்றுதான் இருந்தது.

டீயைக் கலக்கி ஆற்றுகிற சத்தம் கேட்டது. மகள் வந்து என் முன்னால் மண்டியிட்டாள். என் இரண்டு கையையும் எடுத்து டம்ளரைச் சுற்றி வைத்து, மேலே தன் கையையும் வைத்துக்கொண்டாள். சூடா இருக்கு, மெதுவாக் குடி என்றாள். பிறகு கையை எடுத்தாள்.

டம்ளர் லேசாக இருந்தது. பாதிதான் ஊற்றியிருந்தாள்.